நூல் பிடித்த பாதை

பெர்த் நகரத்திலிருந்து லண்டன் மாநகருக்கு ஆகாய மார்க்கமாக 14,499 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டிலும் சற்று அதிகமான இந்தத் தூரத்தை, இடையில் எங்கும் தரை தொடாமல், ஏறக்குறையப் பதினேழு மணி நேரத்தில் கடந்துவிடும் விமானம் ஒன்று 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் பறந்துவருகிறது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் ஒரே வீச்சில் இணைத்த முதல் பிரயாணிகள் விமானம் அதுதான். ஒரு மார்கழி மாதத்து மாலையில் அதில் ஏறி லண்டனுக்குப் போகும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

பெர்த்தைப் போல் தனிமைப்பட்ட பெருநகரத்தை உலகத்தில் காண்பது அரிது. வடக்கே பாலையும் கிழக்கே பாலையும் தெற்கிலும் மேற்கிலும் சமுத்திரமுமாக அமைந்த அந்த நகரத்துக்கு மிக அருகிலுள்ள பெரிய ஊர் அடிலெய்டு. அதுவே 2,100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தங்கள் நாட்டுச் சிட்னி நகரத்துக்குப் போவதைவிட அயல்நாட்டு ஜகார்த்தாவுக்குப் போவது பெர்த்வாசிகளுக்குக் கிட்டம். இந்தத் தனிமை அவ்வூர் ஜனங்களின் சுபாவத்திலேயே ஊறியிருப்பதைக் கண்டேன். தூரத்தைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சலித்துக்கொள்வதில்லை. தங்கள் வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேசுவதுபோல் ஒரு பாத்தியதையோடு பேசுகிறார்கள். 1962ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஜான் கிளென் என்ற அமெரிக்கர் பூமியைச் சுற்றிவந்த இரவில், இந்த ஊரார் தங்கள் வீட்டு விளக்குகளையும் தெரு விளக்குகளையும் ஒன்றுவிடாமல் ஏற்றி வைத்தார்கள். வானத்தில் தன்னந்தனியே போய்க்கொண்டிருந்த மனிதர் அந்த ஒளியைக் கண்டு நன்றி சொன்னார். தனிமையின் அருமையை அறிந்த ஊருக்கே அப்படி ஓர் எண்ணம் தோன்றியிருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஊரின் நடுவே ஸ்வான் நதி அகன்று, ஏரியென்று சொல்லத்தக்கபடி தேங்கி நிற்கிறது. நூங்கர் என்னும் ஆதிகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதன் கரையில் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். 1697ஆம் ஆண்டு அங்கே வந்த ஃபிளாமிங் என்ற டச்சு மாலுமி, அன்னமென்றால் வெண்மைதான் என்று உறுதியாக நம்பியிருந்த ஐரோப்பாவிலிருந்து வந்தவராதலால், அந்த ஜலத்தில் கருப்பு அன்னங்கள் நீந்துவதைக் கண்டு வியப்புற்று நதிக்கு அவற்றின் பெயரையே வைத்துவிட்டுப் போனார். அவை இன்றும் அங்கே நீந்துகின்றன. சிவந்த அலகும், எண்ணெய் தடவி வாரியது போன்ற கரிய இறகும், கழுத்தை வளைத்து நீருக்குள் விட்டு எடுக்கும்போது முத்து முத்தாகச் சொட்டும் துளிகளும் காண மனோகரமாக இருந்தன. கோடைப் பகலின் அனல் தாங்காமல் மரநிழலில் ஒதுங்கி நின்றால், பிற்பகலில் கடற்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றொன்று வருகிறது. நோயைப் போக்க வரும் வைத்தியராக அதை மதித்து 'ஃப்ரீமாண்டில் டாக்டர்' என்று அழைக்கிறார்கள்.

நான் அந்த நதிக்கரையில் நெட்லண்ட்ஸ் என்ற பகுதியைத் தேடிப் போனதற்கு அன்னங்கள் காரணமல்ல. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, உலக சரித்திரத்திலேயே மிக நீண்ட நேரம் எடுத்துக்கொண்ட பிரயாணிகள் விமானங்கள் அந்த நீர்ப்பரப்பிலிருந்துதான் புறப்பட்டன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதுவரை ஆஸ்திரேலியாவிலிருந்து ஜாவா, சிங்கப்பூர், பர்மா, கல்கத்தா என்று படிப்படியாக ஏறி லண்டனைச் சென்றடைந்துகொண்டிருந்த ஆகாயப் பாதை நடுவில் அறுந்துபோயிற்று. அறுந்த பாதையை மீண்டும் முடிபோட வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது: பெர்த்திலிருந்து இந்து மகா சமுத்திரத்தின் குறுக்கே, இடையில் இறங்க ஓரிடமும் இன்றி, நேரே இலங்கைத் தீவுக்குப் பறப்பது. சுமார் 5,650 கிலோமீட்டர். அதற்குக் கிடைத்த வாகனங்களோ கேட்டலினா என்னும் நீர்விமானங்கள். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டிலும் அதிகம் எதிர்பார்க்க முடியாதவை.

இன்று அந்த நதிக்கரையில் பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் துடுப்புப் போட்டுப் பழகுகிறார்கள். கரையோரப் புல்வெளியில் அமர்ந்து, கொள்ளளவுக்கு மிஞ்சிய எரிபொருளைச் சுமந்துகொண்டு ஒரு விமானம் அந்த நீரைக் கிழித்துக்கொண்டு எழ முயலும் காட்சியை மனத்தில் கொண்டுவரப் பார்த்தேன். பெட்ரோலின் பாரம் அத்தனை அதிகமாக இருந்தபடியால் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மேல் அதில் ஏற்ற இயலவில்லை. புறப்பட்ட முதற் சில மணி நேரத்துக்குள் இரண்டு என்ஜின்களில் ஒன்று நின்றுவிட்டால், மற்றொன்றால் அந்தப் பளுவைத் தாங்க முடியாது. இதையெல்லாம் அறிந்தே விமானிகள் ஏறினார்கள். 1943ஆம் ஆண்டின் நடுவில் ஆரம்பித்து 1945 ஜூலை வரை 271 முறை அந்தச் சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானமாவது, ஓர் உயிராவது நஷ்டமாகவில்லை.

லண்டன் விமானத்தில் ஏறுவதற்கு முன்தினம், நகரத்துப் புத்தகசாலை ஒன்றில் பெரிய பூகோள உருண்டை இருக்கக் கண்டு, அங்கிருந்த அம்மையாரிடம் ஒரு நூல்கண்டு கேட்டு வாங்கினேன். பெர்த்தின் மேல் ஒரு நுனியையும் லண்டனின் மேல் மறு நுனியையும் வைத்து இறுக்கிப் பிடித்தேன். சுவரில் மாட்டும் தட்டையான படத்தில் இவ்விரு நகரங்களுக்கும் இடையே கோடு கிழித்தால் அது மாலத்தீவுகளின் அருகாகச் சென்று, அரேபியாவைக் குறுக்கே கடந்து, சினாய் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழையும். உருண்டையின் மேல் நூல் போன வழி வேறு. அது இலங்கையின் தென்கிழக்குக் கரையில் ஏறி, கண்டி மலைகளின் மேலாகச் சென்று, புத்தளத்தில் இறங்கி, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, கீழக்கரைப் பக்கம் தமிழ்நாட்டில் கால் வைத்து, மதுரையை உரசிக்கொண்டு, திருப்பூரைத் தொட்டு, கார்வார் அருகே அரபிக்கடலில் இறங்கியது. அதன்பின் தெஹ்ரான், எரவான், கிரிமியா, பிராக் என்று தொட்டுக்கொண்டு லண்டனை அடைந்தது. உலகத்தின் இரண்டு கோடிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி மீனாட்சியம்மன் கோபுரங்களுக்கு மேலாகப் போகிறது என்ற செய்தி, அந்தப் பிரதேசத்தில் பிறந்து வளர்ந்தவனாகிய எனக்கு உண்டாக்கிய மகிழ்ச்சியை இன்னதென்று சொல்ல இயலாது. நூலை எடுத்துவிட்டு மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அதே வழிதான்.

நூல் காட்டும் வழியில் விமானங்கள் எல்லா நாளும் போவதில்லை. அன்றன்றைக்கு வீசும் காற்று எந்தப் பக்கம் பலமாக இருக்கிறது, எந்த நாட்டு வானம் திறந்திருக்கிறது, எந்த நாட்டில் யுத்தம் நடக்கிறது என்பவற்றையெல்லாம் பார்த்துத்தான் வழி வகுக்கிறார்கள். 2022 பிப்ரவரி முதல் உக்ரைனின் வானம் அடைபட்டுக் கிடக்கிறது. 2024 ஏப்ரலில், ஈரானின் மேலாகப் பறப்பது அபாயம் என்று கருதப்பட்டபோது, பெர்த்திலிருந்து லண்டன் செல்லும் விமானம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகவேண்டி வந்தது. லண்டனிலிருந்து திரும்பும் விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை; பின்னாலிருந்து தள்ளும் மேலைக்காற்று அதற்குத் துணை. ஆகவே பதினான்காயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது என்ற எண்ணை நிலையானது என்று கொள்வதற்கில்லை. மனிதர் சமாதானமாக இருக்கும் நாளில் அது சுருங்குகிறது. சண்டையிடும் நாளில் நீள்கிறது. தூரத்தை நிர்ணயிப்பதில் பூமிக்குப் பாதிப் பங்குதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தி மங்கும் வேளையில் விமானம் எழுந்தது. ஒரு லட்சத்து இருபதாயிரம் லிட்டருக்கு மேல் எரிபொருள் கொள்ளும் அந்தப் பேருருவம் ஓடுபாதையில் நெடுந்தொலைவு ஓடியபின்தான் நிலத்தை விட்டது. நதி செம்பொன் நிறமாகக் கீழே வளைந்து கிடந்தது. ராட்னெஸ்ட் தீவு கரும்புள்ளியாகத் தெரிந்து மறைந்தது. யுத்தம் முடிந்ததும் அந்தக் கேட்டலினா விமானங்களில் பெரும்பாலானவற்றை அந்தத் தீவுக்கு அப்பாலுள்ள கடலில் கொண்டுபோய் மூழ்கடித்துவிட்டார்கள். அமெரிக்காவிடமிருந்து கடனாகப் பெற்றவை. திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அத்தனை பேரை அத்தனை தரம் பத்திரமாகக் கொண்டுசேர்த்த வாகனங்களில் ஒன்றையாவது நதிக்கரையில் நிறுத்தி வைத்திருக்கலாகாதா என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

மேற்கு நோக்கிப் போகும் விமானம் ஆனபடியால் இரவும் எங்களோடு கூடவே வந்தது. மாலையில் புறப்பட்டுப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் பறந்து லண்டனில் இறங்கும்போது அங்கே விடியற்காலம் ஐந்து மணி. மார்கழியில் அந்த ஊரில் சூரியன் உதிக்க இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். ஆக, பிரயாணம் முழுவதும் ஒரே இரவு. இந்த நீண்ட இரவைப் பற்றி எண்ணும்போதுதான் அந்தப் பழைய நீர்விமானப் பிரயாணத்தின் விசேஷம் எனக்கு நன்கு விளங்கிற்று. அவை முப்பது மணி நேரம்வரை, ஒருமுறை 32 மணி 9 நிமிஷமும், வானத்திலேயே இருந்தபடியால், அவற்றில் சென்றவர்கள் ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டார்கள். 'இரட்டைச் சூரியோதயம்' என்றே அந்த மார்க்கத்துக்குப் பெயர் வந்தது. பிரயாணம் செய்தவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கத்தில்' அங்கத்தினர் ஆகிவிட்டதாக ஒரு நற்சாட்சிப் பத்திரமும் கொடுத்தார்கள். வேகம் குறைந்திருந்தபடியால் அவர்களுக்கு இரண்டு விடியல் கிடைத்தது. வேகம் மிகுந்த எங்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஜப்பானிய விமானங்கள் சுற்றிவந்த பகுதியை இருளில் கடப்பதற்கு ஏற்றபடி புறப்படும் நேரத்தை வகுத்திருந்தார்கள். வானொலிச் செய்தி அனுப்பக்கூடாது. அனுப்பினால் எதிரிக்கு இருக்குமிடம் தெரிந்துவிடும். வழி காட்டத் தரையிலிருந்து ஒரு சமிக்ஞையும் கிடையாது. நட்சத்திரங்களைக் கருவியால் அளந்து, கணக்குப் போட்டு, தாம் இருக்குமிடத்தை ஊகித்துக்கொண்டு பறந்தார்கள். விமானங்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயரையே சூட்டியிருந்தார்கள். ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரிஸ், ஸ்பைகா என்பவை அவை. நம்முடைய பஞ்சாங்கத்துத் திருவோணமும் கேட்டையும் சித்திரையும் அந்த ஐந்தில் அடக்கம். மார்கழிக் குளிரில் விடியலுக்கு முன் கோலம் போட எழுந்த நம் பெண்கள் வாசலில் நின்று பார்த்த அதே சித்திரை நட்சத்திரத்தை, நடுக்கடலின் மேல் ஒரு விமானி தம் கருவியில் பிடித்து உயரம் குறித்துக்கொண்டிருந்திருப்பார்.

அப்படி இரவெல்லாம் பறந்து அவர்கள் இறங்கிய இடம் இலங்கையின் தென்கோடியில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரி. முன்பு ஒருமுறை காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும்போது அந்த ஏரிக்கரையில் சிறிது நேரம் தங்கியிருக்கிறேன். கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு மெல்லிய நிலப்பட்டைதான். சாலையும் ரயில் பாதையும் அதன் மேலேயே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஒரு பக்கம் அலை புரளும் சமுத்திரம். மறு பக்கம் கண்டல் மரங்கள் விளிம்பு கட்டிய, சிறு தீவுகள் மிதப்பது போன்ற, அசைவற்ற ஜலம். தீவொன்றில் கறுவாப் பட்டை உரிக்கும் குடும்பத்தைக் கண்டேன். இலையுதிர்த்த கொம்பைத் தரையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டு, மேல் தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் நன்றாகத் தேய்த்துத் தளர்த்தி, நுனிக்கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் கீறி, உட்பட்டையைக் கிழியாமல் முழுசாகக் கழற்றி எடுத்த அந்த முதியவரின் விரல்கள் இன்னும் என் கண்முன் நிற்கின்றன. காற்றில் அந்த வாசனை நிறைந்திருந்தது.

சிங்கள இலக்கியத்தின் தலைசிறந்த ஆசிரியராகிய மார்ட்டின் விக்கிரமசிங்க 1890இல் பிறந்த கிராமம் இந்தக் கொக்கலைதான். விமானத் தளம் அமைப்பதற்காக யுத்த காலத்தில் கிராமத்து ஜனங்களை வீடுவாசலை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அவர் பிறந்த வீடு எப்படியோ தப்பிப் பிழைத்து இன்று நாட்டுப்புறக் கலைக் காட்சிசாலைக்கு நடுவே நிற்கிறது. மற்ற குடும்பங்களின் வீடுகள் தப்பவில்லை. லண்டனுக்கும் பெர்த்துக்கும் இடையே அறுந்த நூலை முடிபோட்ட வரலாற்றில் விமானிகளின் தீரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், முடி விழுந்த இடத்தில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்பதில்லை. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி இதே ஏரியிலிருந்து புறப்பட்ட ஒரு கேட்டலினாவில் லியனார்ட் பர்ச்சால் என்ற கனடிய விமானி, இலங்கையைத் தாக்க வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கடலில் கண்டு, எச்சரிக்கை அனுப்பிவிட்டு, சுட்டு வீழ்த்தப்பட்டுக் கைதியானார். கொழும்பு அவரை நன்றியோடு நினைவு கூர்கிறது. கொக்கலைக் குடியானவர்களும் அந்த நன்றியில் பங்கு பெறத்தக்கவர்களே.

என் பக்கத்து ஆசனத்தில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் இருந்தார். மகள் பெர்த்தில், மகன் லண்டனில், இருவருக்கும் இடையே அவர் போய்வந்துகொண்டிருந்தார். முன்னால் இருந்த சிறு திரையில் விமானத்தின் படம் கடலின் மேல் எறும்புபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இப்ப எங்க நிக்கிறம் எண்டு இதில காட்டுது?"

"இலங்கைக்கு மேற்கே, அம்மா. மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் நடுவில்."

"அப்ப கொழும்பு கிட்டத்தான்." சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "என்ர ஐயா படிக்கிறதுக்கு லண்டன் போகேக்க கொழும்பிலதான் கப்பல் ஏறினவர். அவுஸ்திரேலியாவில இருந்து வந்த கப்பலாம். அதில வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் இறங்கி, கண்டிக்கும் போட்டு வந்து ஏறினவையாம். இப்ப பாருங்கோ, எங்கட வீட்டுக்கு மேலால போறம், ஆரும் இறங்கேல்ல."

அவர் தந்தையார் சொன்னது முற்றிலும் உண்மை. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் லண்டனிலிருந்து பெர்த்தின் துறையாகிய ஃப்ரீமாண்டிலுக்குப் போன பெருங்கப்பல்கள் பல கொழும்பில் தங்கிப் போயின. பிரயாணத்துக்குப் பல வாரங்கள் பிடிக்கும். அதற்கும் முன்னால், 1787 மே மாதத்தில் போர்ட்ஸ்மத் துறையிலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட முதற் கப்பல் தொகுதி, டெனரிஃப், ரியோ டி ஜெனீரோ, நன்னம்பிக்கை முனை என்று உலகத்தையே சுற்றி, எட்டு மாதம் கழித்துத்தான் ஆஸ்திரேலியக் கரையைக் கண்டது. விமானம் வந்த பிறகும் இடைநிலங்கள் மறைந்துவிடவில்லை. 1938இல் சிட்னிக்கும் சவுதாம்ப்டனுக்கும் இடையே ஒன்பது பத்து நாட்கள் எடுத்துக்கொண்ட நீர்விமானங்கள் கலிலேயாக் கடலிலும், ஈராக்கின் ஹப்பானியா ஏரியிலும், உதயபுரிப் பக்கத்து ராஜசமந்த் ஏரியிலும், கங்கையிலும் இறங்கி ஏறிப் போயின. பிரயாணிகள் இரவில் விடுதிகளில் உறங்கினார்கள். 1947 டிசம்பர் 1ஆம் தேதி சிட்னியிலிருந்து புறப்பட்ட கான்ஸ்டலேஷன் விமானம், 29 பிரயாணிகளோடு, டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று இறங்கி நான்காம் நாள் லண்டனைச் சேர்ந்தபோது, காலம் அதற்குமேல் சுருங்காது என்றே பலர் நினைத்திருக்கக்கூடும்.

செய்தி மட்டும் மனிதரை முந்திக்கொண்டது. 1870களின் ஆரம்பத்தில் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தந்திக் கம்பி போட்டார்கள். அது பம்பாயில் கரையேறி, தரைவழியாகச் சென்னைக்கு வந்து, சென்னைக் கடற்கரையிலிருந்து மீண்டும் சமுத்திரத்துக்குள் இறங்கி, பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா வழியாக டார்வினுக்குப் போயிற்று. லண்டனில் ஒருவர் சொன்னதை அடிலெய்டில் ஒருவர் கேட்பதற்கு நம் சென்னைத் தந்தி அலுவலகத்தில் ஒரு கை வேலை செய்தது. உலகத்தின் தொலைதூரங்களையெல்லாம் இணைத்த ஒவ்வொரு நூலும் நம் பக்கத்தில் எங்கேயாவது ஒரு முளையில் சுற்றிக்கொண்டே போயிருக்கிறது. இப்போதைய நூல் ஒன்றுதான் முளை வேண்டாமல் போகிறது.

அம்மையார் கண்ணயர்ந்துவிட்டார். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து வடகிழக்கே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மதுரையில் நள்ளிரவுக்கு முன்பாக இருந்திருக்கும். அம்மனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, சொக்கநாதரின் வெள்ளிப் பாதங்களைப் பல்லக்கில் கொண்டுவந்து சேர்த்து, நடை அடைத்திருப்பார்கள். மேகத்துக்குக் கீழே ஒளியொன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அது எந்த ஊர் என்று சொல்ல இயலாத தூரம். ஆயினும் ஊர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று திசை தெரிந்திருந்தது போதுமானதாக இருந்தது.

அதன்பின் அரபிக்கடல், அரேபியப் பாலையின் மேல் அங்கங்கே எண்ணெய்க் கிணறுகளின் தீநாக்கு, மத்தியதரைக் கடல், ஆல்ப்ஸ் மலையின் பனி என்று யாவும் இருளிலேயே கடந்துபோயின. அந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பதினொரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருளில் பார்த்த தேசங்களைப் பற்றி எழுதுவது தேசங்களுக்கும் மரியாதையாகாது. எதிர்க்காற்று பலமாக இருந்தது. விடியற்காலத்தில், மழைத் தூறலுக்கு நடுவே, ஹீத்ரோவில் இறங்கினோம். அம்மையாரை மகன் வந்து அழைத்துப் போனார்.

லண்டனில் மற்றப் பிரயாணிகள் பார்க்கும் இடங்களை நானும் பார்த்தேன். ஆனால் நான் மிக விரும்பிப் போனது விமான நிலையத்தின் வடக்குச் சுற்றுச்சாலை ஓரத்துக்கு. அங்கே வேலிக்கு அருகில், ஒரு பழைய பீரங்கிக் குழாயைச் செங்குத்தாகத் தரையில் புதைத்து வைத்திருக்கிறார்கள். பயணப்பெட்டிகளோடு அவ்வழியே விரையும் லட்சக்கணக்கானோரில் அதைத் திரும்பிப் பார்ப்பவர் மிகச் சிலரே. 1784ஆம் ஆண்டு கோடையில் வில்லியம் ராய் என்ற ராணுவ அதிகாரி, கிரீனிச் வானாய்வுக் கூடத்துக்கும் பாரிஸ் வானாய்வுக் கூடத்துக்கும் இடையேயுள்ள தூரத்தைத் திட்டமாகக் கண்டுபிடிப்பதற்காக, முதலில் ஒரு நேர்கோட்டைத் தரையில் பிழையின்றி அளக்க நிச்சயித்தார். அப்போது இந்தப் பகுதி ஹவுன்ஸ்லோ ஹீத் என்னும் சமதளமான பொட்டல்வெளி. மரக்கோல்களை வைத்து அளந்து பார்த்தார். காற்றின் ஈரத்தில் மரம் நீண்டும் குறுகியும் ஏமாற்றியது. பின்பு இருபது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாய்களைச் செய்வித்து, அவற்றை ஒன்றன் முனையோடு ஒன்றைப் பொருத்தி, நகர்த்தி நகர்த்தி வைத்து, 1,370 தடவை அவ்விதமே செய்து, கோடு 27,404 அடி என்று கண்டார். எட்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு கோடைக்காலமே அதற்குச் செலவாயிற்று. கோட்டின் இரண்டு முனைகளையும் குறிக்கப் பின்னர் பீரங்கிகளை நாட்டினார்கள். விமான நிலையம் கட்டியபோது இந்த முனையிலிருந்ததை அகற்றிவிட்டு, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தார்கள்.

அதே பொட்டல்வெளியின் மற்றொரு பகுதியிலிருந்துதான் 1919 நவம்பர் 12ஆம் தேதி ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சகோதரர்கள் இரண்டு மெக்கானிக்குகளோடு விக்கர்ஸ் விமி விமானத்தில் கிளம்பி, ஒரு மாதத்துக்குள் டார்வினில் இறங்கி, 10,000 பவுன் பரிசு பெற்றார்கள். அளப்பதற்கும் பறப்பதற்கும் அந்த ஒரே நிலம் தொடக்கமாக இருந்திருக்கிறது.

நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி, ஜெஸி ராம்ஸ்டன் என்ற லண்டன் கைவினைஞர் செய்த எஃகுச் சங்கிலியைக் கொண்டு, சென்னைப் பறங்கிமலை அடிவாரத்திலிருந்து பெரும்பாக்கம்வரை ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதே ராம்ஸ்டனின் சங்கிலி ராயின் அளவையைச் சரிபார்க்கவும் பயன்பட்டிருந்தது. இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருவேலை பறங்கிமலையிலிருந்து புறப்பட்டது. அந்த மலையின் அடியில்தான் இன்று மீனம்பாக்கம் விமான நிலையம். வெயிலில் சங்கிலிக்குக் கூடாரநிழல் பிடித்து, வெப்பத்தால் அது எத்தனை நீண்டது என்று வெப்பமானியில் பார்த்துக் குறித்து, அங்குல அங்குலமாக நகர்ந்த கூலியாட்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பீரங்கியிலும் பொறிக்கப்படவில்லை.

ஹீத்ரோவிலிருந்து பஸ் பிடித்து, மறு முனையிலிருக்கும் ஹாம்ப்டனுக்கும் போனேன். எங்கள் விமானம் தன் முழுவேகத்தில் அரை நிமிஷத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்துவிடக்கூடிய தூரம். நெரிசலிலும் மாறி ஏறியதிலும் ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அங்கே இரண்டாவது பீரங்கி சாதாரணக் குடியிருப்புத் தெருவொன்றில், இரண்டு வீடுகளுக்கு நடுவே, புல்தரைத் துண்டில் நிற்கிறது. தெருவுக்கு ராய் குரோவ் என்று பெயர். வேலிச்செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஒருவர், நான் அதைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். பீரங்கியின் பக்கத்தில் நின்று, எதிர்வீட்டுப் புகைபோக்கிக்கு இடப்புறமாகக் கையை நீட்டி, மற்றொரு பீரங்கி நேரே அந்தத் திசையில்தான் இருக்கிறது என்றும், தம் தோட்டத்தின் மூலையைத் தொட்டுக்கொண்டுதான் அந்த அளவுக்கோடு போகிறதென்றும், அந்த மூலையில் தாம் மரம் எதுவும் வைப்பதில்லை என்றும் சொன்னார்.